கூரையில் திறக்கும் கண்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், தேவராவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இசையையும் வரலாற்றையும் பற்றிப் பேசுவதும் உண்டு. இவ்வாண்டு செயற்குழுவினர் நமக்கு இட்ட பணி வேறு. கட்டட வரைவு அலுவலகங்களில் கணிப்பொறியின் முன் அமர்ந்து நம் குடியிருப்பின் பிள்ளைகள் சிலர் நாள்தோறும் செய்யும் வேலை யாது என்பதை, அதனை அறியாத பெற்றோர்க்கும் விளங்குமாறு எடுத்துரைக்க வேண்டும் என்றார்கள். துறையோ பெரிது, நேரமோ சிறிது. ஆதலின் அத்துறையில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். கூரையில் ஒரு திறப்பை உண்டாக்கி, அதில் ஒளி புகும் சாளரம் ஒன்றைப் பொருத்துவது எங்ஙனம்? அவ்வேலையைக் கணிப்பொறிக்குக் கற்பிப்பது எங்ஙனம்? இவ்வளவே நாம் பேசப்போகும் பொருள். பொருள் சிறிதாயினும் அதனுள் அடங்கிய பொறுப்பு சிறிதன்று என்பதை முடிவில் காண்போம்.

நாம் வாழும் ஊரிலிருந்தே தொடங்குவோம். தேவராவிலிருந்து காயலைக் கடந்து மட்டாஞ்சேரிக்குச் செல்வோர், பஜார் சாலையின் பழைய பண்டகசாலைகளைக் காணாமல் திரும்ப முடியாது. மிளகும் சுக்கும் அரிசியும் மூட்டை மூட்டையாக அடுக்கப்பெற்ற நெடிய கட்டடங்கள் அவை. பலவற்றுக்கு முன்புறம் தெரு, பின்புறம் காயல், இரு பக்கங்களிலும் அடுத்த கட்டடத்தின் சுவர். பக்கச் சுவரில் சாளரம் வைக்க வழியில்லை. இரு முனைகளிலிருந்தும் வரும் ஒளி சில அடி தூரம் நடந்து களைத்துவிடுகிறது. நடுப்பகுதி பகலிலும் இருட்டு. மூட்டை அடுக்குவதற்கு அவ்விருட்டு தடையாகவில்லை. இன்றோ நிலை வேறு. 2012ஆம் ஆண்டில் கொச்சி-முசிறிஸ் கலைக்காட்சி தொடங்கிய பின்னர், கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள பழைய வணிகக் கட்டடங்கள் காட்சிக்கூடங்களாகவும் பயன்படுகின்றன. மனிதர் நின்று பார்க்கவும் அமர்ந்து வேலை செய்யவும் வேண்டுமாயின் ஒளி வேண்டும். சுவர் வழிவிடாதபோது ஒளி எங்கிருந்து வரும்? மேலிருந்துதான் வர வேண்டும். அதற்குக் கூரையைத் திறந்தாக வேண்டும்.

கூரையைத் திறப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. மூன்று வழிகளை அவர்கள் கையாண்டனர். முதலாவது முற்றம். வீட்டின் நடுவில் கூரையே இல்லாமல் விட்டுவிடுவது. கேரளத்தின் நாலுகெட்டு வீட்டில் நடுமுற்றம் என்றும், செட்டிநாட்டு வீட்டில் வளவு முற்றம் என்றும் அதனைக் காண்கிறோம். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்ததும், பின்னர் 1663ஐ ஒட்டி டச்சுக்காரர் பழுதுபார்த்ததுமாகிய மட்டாஞ்சேரி அரண்மனையும் நாலுகெட்டு முறையில் அமைந்ததே. அதன் முற்றத்தில் பழையன்னூர்ப் பகவதி கோயில் கொண்டிருக்கிறாள். இரண்டாவது வழி, கூரையின் முக்கோண முகப்பில் மரச்சட்டங்களைச் சாய்வாக அடுக்கி, மழையை விலக்கிக் காற்றையும் ஒளியையும் மட்டும் உள்ளே விடுவது. மூன்றாவது வழிதான் நம் பேச்சுக்கு மிகவும் வேண்டியது. அதுவே கண்ணாடி ஓடு.

மங்களூர் ஓடு நம் எல்லோர்க்கும் தெரியும். தமிழ்நாட்டில் சீமை ஓடு என்போம். பாசல் மிஷனைச் சேர்ந்தவர்கள் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர், மேற்குக் கடற்கரை முழுவதும் அவ்வோடு பரவிற்று. ஒவ்வோர் ஓட்டுக்கும் ஓரங்களில் வரம்பும் பள்ளமும் உண்டு. ஒன்றன் வரம்பு மற்றொன்றன் பள்ளத்தில் அமர்ந்து பூட்டிக்கொள்கிறது. அதே வடிவத்தில் கண்ணாடியை வார்த்து, மண் ஓடு ஒன்றை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வைத்தால் அடுக்களைக்கு வெளிச்சம் வந்துவிடுகிறது. கைமரத்தை அறுக்க வேண்டுவதில்லை. தகடு அடிக்க வேண்டுவதில்லை. ஒழுகுமோ என்ற கவலையும் பெரிதாக இல்லை. ஏன்? கண்ணாடி ஓடு தனக்கென்று ஓர் அளவு வைத்துக்கொள்ளவில்லை. கூரையின் அளவையே தன் அளவாக ஏற்றுக்கொண்டது. புகுந்த வீட்டின் வழக்கத்தை அறிந்து நடக்கும் மருமகளைப் போல அது கூரையோடு ஒன்றிவிட்டது. இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் வருவன யாவும் இதன் விரிவே.

ஆனால் கண்ணாடி ஓடு ஒரு முழ வெளிச்சத்தைத்தான் தரும். பண்டகசாலையின் நடுக்கூடத்திற்கு அது போதாது. அங்கே பெரிய சாளரமே வேண்டும். இப்பொழுது கணிப்பொறிக்கு வருவோம்.

கட்டடக் கலைஞர் இன்று பயன்படுத்தும் வரைவு மென்பொருள்கள் பல. காபோர் போயாரும் அவர்தம் தோழர்களும் 1982இல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் நிறுவனத்தின் ஆர்க்கிகேட் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் தோன்றி, 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்கு வந்த ரெவிட் மற்றொன்று. இவற்றில் கோடு இழுத்துப் படம் வரைவதில்லை. சுவர், தூண், கூரை, கதவு என்னும் பொருள்களையே எடுத்து வைத்துக் கட்டடத்தைத் திரையில் எழுப்புகிறார்கள். கதவும் சாளரமும் ஆயத்தமாக ஒரு நூலகத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வேண்டியதை எடுத்துப் பொருத்தலாம். கூரைச் சாளரங்களும் அங்கே உண்டு.

அப்படியானால் புதிதாக ஒன்றை எழுதுவானேன் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கூரைச் சாளரத்தைப் பெருந்தொழிலாக வளர்த்தவர்கள் ஐரோப்பியர். டென்மார்க்கில் வில்லும் கான் ராஸ்முசென் என்பார் 1941இல் தொடங்கிய வேலக்ஸ் நிறுவனத்தின் பெயர் அத்தொழிலில் உலகறிந்தது. அந்நாட்டின் தலைநகரில் டிசம்பர் மாத நண்பகலிலும் சூரியன் அடிவானத்திற்கு மேல் 11 பாகை அளவே எழுகிறது. இருண்ட பரண் அறைக்கு இயன்ற வெயிலையெல்லாம் உள்ளே அழைப்பது அங்கே அறம். கொச்சியிலோ அதே நாளில் சூரியன் 56 பாகைக்கு மேல் நிற்கிறது. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. இங்கே ஒளி வேண்டும், வெப்பம் வேண்டா. மழையோ ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல் இரு மடங்கு. ஓடும் வேறு, சரிவும் வேறு, மரச்சட்டங்களின் இடைவெளியும் வேறு. பிறர் நாட்டுச் சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டால் தோளில் இறுகும், கையில் தொங்கும். நம் கூரைக்கு ஏற்ற சாளரத்தை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுதுதல் என்றோம். ஆம், இது வரைதல் அன்று, எழுதுதலே. ஆர்க்கிகேட் மென்பொருளுக்கு ஜி.டி.எல். என்று ஒரு மொழி உண்டு. வடிவங்களைச் சொற்களால் விவரிக்கும் மொழி அது. டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964இல் மாணவர்க்காக ஆக்கிய பேசிக் என்னும் எளிய கணிப்பொறி மொழியைப் போன்ற நடையுடையது. படம் வரைபவர் ஒரு சாளரத்தை வரைகிறார். நிரல் எழுதுபவர் சாளரம் உண்டாகும் விதியை எழுதுகிறார். அகலத்தையும் நீளத்தையும் சரிவையும் மாற்றினால், அதே விதி வேறொரு சாளரத்தை ஈன்று தருகிறது.

இதைக் கேட்டு, இது யாதோ மேல்நாட்டு மாயம் என்று பெரியவர்கள் ஒதுங்க வேண்டா. இந்த முறை இம்மண்ணில் பழையது. மனுஷ்யாலய சந்திரிகை என்னும் தச்சு நூல், 16ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூசது என்பவரால் இக்கேரள நாட்டிலேயே இயற்றப்பெற்றது. வீட்டின் சுற்றளவைக் கோலால் குறித்து, அதிலிருந்து மற்ற அளவுகளைக் கணக்கால் பெறுவது அம்மரபு. கூரை வேலையில் தேர்ந்த தச்சர், உத்தரத்தின் நீளமும் சரிவும் தெரிந்தால் போதும், ஒவ்வொரு கைமரமும் எவ்வளவு நீளம், முனையில் எந்தச் சாய்வில் வெட்ட வேண்டும் என்பதைத் தரையிலேயே கணக்கிட்டு, வெட்டி, மேலே ஏற்றிப் பூட்டுவார். மலையாளத்தார் கழுக்கோல் என்பது இக்கைமரத்தையே. தச்சரின் நெஞ்சில் இருந்தது படம் அன்று, விதி. அவர் ஓலையிலும் நினைவிலும் வைத்திருந்ததை நம் பிள்ளைகள் ஜி.டி.எல். மொழியில் வைக்கிறார்கள். கருவி மாறிற்று, கணக்கு மாறவில்லை.

இனி, விதி எழுதப்படும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி, மாறக்கூடிய அளவுகள் யாவை என்று பட்டியலிடுதல். இவற்றை அளவுருக்கள் என்பர். சாளரத்தின் அகலம், நீளம், சட்டத்தின் பருமன், கூரையின் சரிவு, ஓட்டு வரிசைகளின் இடைவெளி, கைமரங்களின் இடைவெளி, முகட்டிலிருந்து சாளரம் உள்ள தூரம் ஆகியன நமக்கு வேண்டும். எவை மாறும், எவை மாறா என்று பிரித்தறிவதே பாதி வேலை.

இரண்டாம்படி, வடிவத்தை அடுக்குதல். பிளாக் என்னும் கட்டளை ஒரு பெட்டியைத் தரும். ஆட் என்னும் கட்டளை தொடக்கப் புள்ளியை வேறிடத்திற்கு நகர்த்தும். ரோட்எக்ஸ் என்பது அச்சைச் சாய்க்கும். டெல் என்பது நகர்த்தியதையும் சாய்த்ததையும் நீக்கி, பழைய இடத்திற்கே மீட்டுக்கொண்டுவரும். நூல்கயிறு கட்டி வேலை செய்யும் கொத்தனார், கயிற்றை நகர்த்தி ஒரு சுவர் எழுப்பி, மீண்டும் மூலைக்கல்லுக்கே வருவதை ஒத்தது இது. மூலைக்கல்லை மறந்தவருக்கு வீடு கோணும். டெல் கட்டளையை மறந்தவருக்குச் சாளரம் கோணும். பின்னர் கட்பிளேன் என்னும் கட்டளை ஒரு தளத்தால் வெட்டும். கட்எண்டு என்பது அவ்வெட்டை முடித்துவைக்கும். நான்கு பெட்டிகள் சட்டமாகும். மெல்லிய ஐந்தாவது பெட்டி கண்ணாடியாகும். தரைப்படத்தில் அதே சாளரம் விட்டுவிட்டு வரும் கோடுகளால் காட்டப்பட வேண்டும். ஏனெனில் அது நம் தலைக்கு மேல் இருப்பது. அதற்குத் தனி நிரல் உண்டு.

மூன்றாம்படியே முதன்மையானது. சட்டமும் கண்ணாடியும் ஆயத்தமாகிவிட்டன. கூரையில் துளை எங்கே? சாளரத்தைக் கொண்டுபோய்க் கூரைமேல் வைத்துவிட்டால் துளை தானே உண்டாகிவிடுமோ? உண்டாகாது. துளை என்பது தனியான ஒரு பொருள். கட்டடச் செய்திகளை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல ஐ.எஃப்.சி. என்றொரு பொது வடிவம் உண்டு. 2013இல் அது ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் எண்ணுடன் உலகத் தரமாயிற்று. அதில் கூரைப் பலகம் ஒரு பொருள். திறப்பு மற்றொரு பொருள். அத்திறப்பை நிரப்பும் சாளரம் மூன்றாவது பொருள். திறப்பு கூரையைக் குடைகிறது. சாளரம் திறப்பை நிரப்புகிறது. இவ்விரண்டு உறவுகளும் தனித்தனியே எழுதி வைக்கப்படுகின்றன. இல்லாத ஒன்றாகிய துளைக்குப் பெயரும் இடமும் அளவும் உறவும் கொடுத்துப் பதிவு செய்கிறார்கள்! வெறுமைக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு பிரிவு? சாளரத்தை நாளை மாற்றலாம், துளை இருக்கும். துளையைப் பெரிதாக்கினால் சாளரம் அதற்கேற்ப வளர வேண்டும். கூரையின் சரிவு மாறினால் இரண்டும் உடன் சாய வேண்டும். மூன்றையும் ஒன்றாக ஒட்டிவிட்டால் ஒன்றை அசைக்க மற்றவை முறியும். தனித்து நின்று, உறவால் கட்டுண்டிருப்பதே நிலைக்கும். குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்று தாய்மார்கள் புன்னகை செய்வது தெரிகிறது.

இனிக் கணக்கைக் காண்போம். 30 பாகைச் சரிவுள்ள ஓட்டுக் கூரையில், சரிவின் வழியே 120 சென்டிமீட்டர் நீளமுள்ள சாளரம் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். கூரையின் ஓட்டு வரிசைகள் 32 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று கொள்வோம். 120ஐ 32ஆல் வகுத்தால் மூன்றே முக்கால் வரும். மூன்றே முக்கால் வரிசை ஓட்டை எடுக்க முடியுமா? நான்காவது வரிசையின் ஓடுகளைக் கால் பங்குக்கு அறுக்க வேண்டும். அறுத்த ஓட்டுக்கு வரம்பும் இல்லை, பள்ளமும் இல்லை. அங்கே நீர் புகும். ஆகவே நன்கு எழுதப்பட்ட நிரல், கேட்டவர் 120 என்றாலும், நான்கு முழு வரிசை என்று கூட்டி 128 என்று கொள்ளும். தரைப்படத்தில் அந்த 128 ஏறத்தாழ 111 சென்டிமீட்டராகத் தெரியும். மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 64 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். இம்மூன்று அளவுகளையும் கோணக் கணக்கால் நிரலே தரும். கண்ணாடி ஓட்டிடம் நாம் கற்ற பாடம் இதுதான்: கூரையின் அளவே சாளரத்தின் அளவு.

அடுத்து, கைமரம். அகலம் இரண்டு கைமரங்களுக்கு இடையில் அடங்கினால் ஒன்றும் அறுக்க வேண்டுவதில்லை. அடங்காவிட்டால் இடையிலுள்ள கைமரம் அறுபடும். அறுபட்ட மரம் தாங்கிய பாரம் எங்கே போகும்? மேலும் கீழும் குறுக்குச் சட்டம் வைத்து, அப்பாரத்தை இரு பக்கத்துக் கைமரங்களுக்கு மாற்ற வேண்டும். அக்கைமரங்களை இரட்டிக்கவும் நேரலாம். நிரலில், அகலம் இடைவெளியை மிஞ்சினால் குறுக்குச் சட்டத்தைத் தானே வரை என்று ஒரு வரி எழுதலாம். அந்த வரி இல்லாதபோது திரையில் கூரை அந்தரத்தில் அழகாக நிற்கும். திரைக்குப் பாரம் இல்லை. மட்டாஞ்சேரிக் கூரைக்கு உண்டு.

மூன்றாவது, நீர். சாளரத்தின் அகலம் 90 சென்டிமீட்டர். அதற்கு மேலே முகடுவரை தரைப்படத்தில் 4 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அச்சாளரத்தின் முதுகில் வந்து மோதும் நீர் 3.6 சதுர மீட்டர்க் கூரையின் நீர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 180 லிட்டர்; 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் 12 குடம். ஓடிக்கொண்டிருந்த நீரின் வழியில் ஒரு சட்டத்தை அணையாக நட்டுவிட்டோம். 12 குடம் நீரும் சட்டத்தின் பின்னால் தேங்கினால் ஓட்டுக்கு அடியில் நுழையாமல் என் செய்யும்? எனவே சட்டத்தை ஓட்டுக்கு மேல் உயர்த்த வேண்டும். பின்புறம் நீரை இரு பக்கமும் பிரிக்கும் தகடு வேண்டும். பக்கங்களில் நீர் இறங்கும் வாய்க்கால் வேண்டும். கீழ் விளிம்பில் தகடு ஓட்டின்மேல் படிய வேண்டும். அதே சாளரத்தை முகட்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் வைத்தால் 12 குடம் 3 குடமாகிவிடும். இவ்வளவும் ஒரு பெருக்கல் கணக்கு. நிரலில் சேர்க்கச் சில வரிகளே போதும். சேர்க்காவிட்டால் ஆனி, ஆடி மாதங்களில் அக்கணக்கைக் கூரையே போட்டுக் காட்டும். சிறு துளி பெருவெள்ளம் என்பதை அப்போது வீட்டுக்காரர் வாளியோடு நின்று கற்பார்.

நான்காவது, வெயில். கொச்சி நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. டிசம்பர் நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே 33 பாகைக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கும். தெற்கு நோக்கிய 30 பாகைச் சரிவின்மேல் அவ்வெயில் ஏறக்குறைய நேராக விழும். வடக்கு நோக்கிய அதே சரிவின்மேல் மிகவும் சாய்வாக விழும். ஒரு சதுர மீட்டர் மீது படும் நேர்வெயில் பாதிக்கும் குறைவு. ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே போகும்; அப்போது வடக்குச் சரிவின்மேல் மிகுதியாக விழ வேண்டும். ஆனால் அது பருவமழைக் காலம். வானமே திரை போட்டுக்கொள்கிறது. ஆகவே இவ்வூரில் சாளரத்தை வடக்குச் சரிவில் வைப்பதே நலம் என்று கணக்கும் சொல்கிறது, அனுபவமும் சொல்லும். இக்கணக்கையும் நிரலில் பதித்துவிட்டால், தெற்குச் சரிவில் பெரிய சாளரத்தை வைக்க முனைவோர்க்கு அது ஓர் எச்சரிக்கை காட்டும். மேலும், திறப்பின் மேல் ஓரத்தைத் தரைக்கு இணையாகவும், கீழ் ஓரத்தைச் செங்குத்தாகவும் வெட்டினால், ஒளி ஒரே இடத்தில் கொட்டாமல் அறை முழுதும் விரியும். மச்சுப் பலகை அடித்த பழைய வீடுகளில் இது மிகவும் உதவும்.

பெரியோர்களே! நாம் சொல்ல வந்த ஒரு கருத்தை இப்பொழுது சொல்லிவிடலாம். ஒரு தச்சர் கணக்குத் தவறினால் ஒரு வீடு ஒழுகும். மறுநாள் வீட்டுக்காரர் அவரை அழைத்துவந்து காட்டுவார். அவரும் நாணி, திருத்தி, அடுத்த வீட்டில் எச்சரிக்கையோடு இருப்பார். நிரல் எழுதுபவரின் நிலை அத்தகையதன்று. அவர் எழுதிய ஒரு சாளரம் நூலகத்தில் சேர்கிறது. அதனை அவர் முகம் அறியாத ஒருவர், அவர் பார்த்திராத ஊரில், அவர் கேட்டிராத மழைக்கு அடியில் எடுத்துப் பொருத்துகிறார். விதி நன்றாயின் நூறு வீடுகளுக்கு ஒளி வரும். விதியில் ஓட்டை இருந்தால் நூறு கூரைகளிலும் ஓட்டை விழும். ஒழுகும் செய்தி எழுதியவரின் செவிக்கு எட்டாமலே போகலாம். கை நீண்டுவிட்டது, கண் அவ்வளவு நீளவில்லை. இதுவே நம் பிள்ளைகளின் தொழிலில் உள்ள அருமையும் ஆபத்தும்.

இதற்குத் தீர்வு அந்த மொழியிலேயே ஓரளவு வைக்கப்பட்டிருக்கிறது. ஜி.டி.எல். மொழியில் வேல்யூஸ் என்றொரு கட்டளை உண்டு. ஓர் அளவு எதுவரை குறையலாம், எதுவரை கூடலாம் என்று அதனால் எல்லை கட்டலாம். லாக் என்னும் கட்டளையால், மாற்றக்கூடாததைப் பூட்டியும் வைக்கலாம். மங்களூர் ஓட்டுக்கு ஆகாத தாழ்ந்த சரிவைக் கேட்டால் தரமாட்டேன் என்று மறுக்கும் சாளரத்தை எழுத முடியும். எதைக் கேட்டாலும் வளைந்து கொடுக்கும் நிரலைவிட, தகாததை மறுக்கும் நிரலே அறிவுடையது. நல்ல தச்சரும் அப்படித்தானே? இந்த மரம் இந்தப் பாரத்தைத் தாங்காது, ஐயா என்று சொல்லிக் கருவியைக் கீழே வைத்துவிடுவார்.

எல்லையை எங்கே கட்டுவது என்று கணிப்பொறிக்குத் தெரியாது. அது கூரைமேல் ஏறியவர்க்கே தெரியும். எந்தத் தகடு உப்புக்காற்றில் விரைவில் அரிக்கும், காயல் பக்கத்திலிருந்து சாரல் எந்தத் திசையில் அடிக்கும், எந்த வரிசையில் ஓடு முதலில் நழுவும் என்பவற்றை ஓடு வேயும் தொழிலாளர் அறிவர். அவர்களில் முதியோர் பலர். அத்தொழிலைக் கற்கும் இளைஞரோ சிலர். ஆகவே நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிரல் எழுதுமுன் ஒரு நாள் மட்டாஞ்சேரிக்குச் சென்று, கூரை பிரிக்கும் வேலை நடக்கும் இடத்தில் நில்லுங்கள். மழைக்காலத்துக்கு முன் சித்திரை, வைகாசியில் அவ்வேலையைக் காணலாம். தொழிலாளரை அண்ணா என்றோ சேட்டா என்றோ அழைத்து, ஏன் இப்படி என்று கேளுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் கேட்கத் தெரிந்திருப்பது இவ்வூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாய்த்த பேறு. இரு மொழிகளிலும் தச்சரின் சொற்கள் பல ஒன்றே. உத்தரம் அங்கும் உத்தரம், இங்கும் உத்தரம்.

கேட்டதை எங்கே எழுதி வைப்பது? நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கலாம். ஜி.டி.எல். மொழியில் ஒரு வரியில் வியப்புக்குறி இட்டால், அதற்குப் பின் வருவதைக் கணிப்பொறி படிப்பதில்லை. அது மனிதர் படிப்பதற்கென்று விடப்பட்ட இடம். பலர் அவ்விடத்தை வெறுமையாகவே விடுகின்றனர். சட்டம் ஓட்டுக்கு மேல் இத்தனை சென்டிமீட்டர் என்று எண்ணை மட்டும் எழுதினால், நாளை வருபவர் அழகுக்காக அதனைக் குறைத்துவிடுவார். ஆடி மழையில் பின்புறம் தேங்கும் நீருக்காக இவ்வுயரம் என்று வியப்புக்குறிக்குப் பின் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் கை நிற்கும். எண் அளவைச் சொல்லும். அவ்வரி காரணத்தைச் சொல்லும். அலுவலகம் மாறிப்போவோம், ஊர் மாறிப்போவோம். நாம் எழுதிய விதி அங்கேயே இருந்து வேலை செய்துகொண்டிருக்கும். காரணத்தையும் உடன் விட்டுச் செல்வதே கடமை.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இரவு நெடுநேரம் திரையைப் பார்த்து எண்களைத் தட்டிக்கொண்டிருப்பதைக் காணும்போது, கட்டட வேலை என்று சொல்லிவிட்டு ஒரு செங்கல்லையும் தொடாமல் இருக்கிறார்களே என்று எண்ண வேண்டா. தொடாமல் கட்டுவதால்தான் அவர்கள் வேலை கடினமாகிறது. கல்லைத் தொட்டவருக்குக் கல் பாடம் சொல்லும். திரையைத் தொடுபவர் அப்பாடத்தைத் தேடிச் சென்று கற்க வேண்டும். நீங்கள் உங்கள் வாழ்வில் கண்ட கூரைகளை, ஒழுகிய இடங்களை, அடைத்த விதங்களை அவர்களிடம் சொல்லுங்கள். இரவு உணவின்போது நீங்கள் சொல்லும் ஒரு செய்தி, எங்கோ ஒரு வீட்டின் கூரையை உலர்வாக வைத்திருக்கலாம்.

 வாழ்க நம் சங்கம்! வளர்க இளைஞர்தம் தொழில்!